வெளிநாட்டில் இருந்தபடியே விசா வகையை மாற்றுவது: எது முடியும், எங்கே சிக்கும்

மாணவர் விசாவில் வெளிநாடு போய், படிப்பு முடியும் தறுவாயில் அங்கேயே வேலையும் கிடைத்த ஒருவர் கேட்ட கேள்வி இது: நாட்டைவிட்டு வெளியேறாமலே வேலை விசாவுக்கு மாற முடியுமா, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் வேலை பார்க்கலாமா, இடையில் ஒருமுறை சொந்த நாட்டுக்குப் போய்வரலாமா? கூடவே தன்னைச் சார்ந்து வந்திருக்கும் மனைவியின் டிபெண்டன்ட் விசா என்னவாகும் என்றும் கேட்டிருந்தார். எந்த நாடு என்று அவர் குறிப்பிடவில்லை. ஆகவே பலரும் போகிற சில நாடுகளின் விதிகளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். சுருக்கமான விடை இதுதான்: மாணவர் நிலையிலிருந்து வேலை நிலைக்கு உள்ளிருந்தபடியே மாறப் பெரும்பாலான நாடுகள் இடம் தருகின்றன, சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்க்கவோ வந்தவர் மாறுவதற்குப் பெரும்பாலும் இடமில்லை, காத்திருக்கும் காலத்தில் தங்க அனுமதி இருப்பதாலேயே வேலை செய்யவும் அனுமதி இருப்பதாக ஆகிவிடாது, நடுவில் மேற்கொள்ளும் பயணம்தான் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் விண்ணப்பத்தை அதிகமாகக் கெடுக்கிறது. பழைய அனுமதி முடியும் நாளுக்கும் புதியது தொடங்கும் நாளுக்கும் இடையில் உங்கள் சட்ட நிலை என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால், மற்ற கேள்விகளுக்கு விடை காண்பது எளிது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா, எல்லையில் வந்து நின்று உள்ளே வர அனுமதி கேட்பதற்கான சீட்டு. உள்ளே வந்தபின் எத்தனை நாள், எந்த நிபந்தனையோடு தங்கலாம் என்பதைச் சொல்லும் ஆவணம் பல நாடுகளில் வேறு. அமெரிக்காவில் அது ஐ-94 என்ற பதிவு. இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அது கையில் இருக்கும் வசிப்பிட அட்டை. பிரிட்டனில் பிஆர்பி என்ற பழைய வசிப்பிட அட்டைகளுக்குப் பதிலாக இ-விசா என்ற இணையக் கணக்கு வந்துவிட்டது. விசா ஸ்டாம்ப் காலாவதியான பிறகும் ஐ-94 செல்லுபடியாக இருந்தால் அமெரிக்காவில் சட்டப்படி தங்கலாம். ஐந்தாண்டு விசா ஸ்டாம்ப் பளபளவென்று இருந்தாலும் ஐ-94 தேதி முடிந்துவிட்டால் தங்க முடியாது. இந்தக் கடைசித் தேதி பாஸ்போர்ட்டின் ஆயுளால் குறைந்துபோவதும் உண்டு. வேலை அனுமதி மூன்று ஆண்டுக்கு இருந்தும், பாஸ்போர்ட் பதினான்கு மாதங்களில் முடிவதால் விமான நிலைய அதிகாரி அதுவரைக்கும் மட்டும் தேதி போட்டு அனுப்புவார். அனுமதிக் கடிதத்தில் உள்ள தேதியை நம்பிக்கொண்டு இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. உள்ளிருந்தபடியே மாற்றுவது என்றால் தங்கும் அனுமதியை மாற்றுவதுதான். ஸ்டாம்ப் பழையபடியே இருக்கும். பயணச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து, எந்த நிலையில் இருப்பவருக்கு மாறும் உரிமை உண்டு என்பது. பார்வையாளர்களுக்குக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. பிரிட்டனில் பார்வையாளராக வந்தவர் உள்ளிருந்து மாணவராகவோ வேலை விசாவுக்கோ மாற முடியாது. ஜெர்மனியில் ஷெங்கன் எனப்படும் ஐரோப்பியப் பொது விசாவில் குறுகிய காலத்துக்கு வந்தவர் சில விதிவிலக்குகள் தவிர வெளியேறிச் சரியான விசாவோடுதான் திரும்பிவர வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென் கொரியா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் குடிமக்கள் மட்டும் விசா இல்லாமல் நுழைந்து உள்ளேயே விண்ணப்பிக்கலாம். ஜப்பானில் தற்காலிகப் பார்வையாளர், தவிர்க்க முடியாத சிறப்புக் காரணம் காட்டினால் அன்றி மாற முடியாது. கனடாவில் கொரோனாக் காலத்தில், 2020 ஆகஸ்டில், பார்வையாளர் உள்ளிருந்தே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை தரப்பட்டது. அது 2024 ஆகஸ்ட் 28 அன்று நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் பார்வையாளர்கள் உள்ளிருந்து மாணவர் விசா கேட்க முடியாது. படிப்பு முடித்துத் தற்காலிகப் பட்டதாரி விசாவில் இருப்பவர்களும் திரும்ப மாணவராக முடியாது. இந்தக் கடைசி விதி, ஒரு சிறு படிப்பு முடிந்ததும் இன்னொன்று என்று ஆண்டுகளை ஓட்டியவர்களைக் குறிவைத்தது என்றே நினைக்கிறேன்.

இவற்றோடு ஒப்பிட்டால் அமெரிக்கா சற்றுத் தாராளமானது. பி-2 பார்வையாளர் ஐ-539 படிவம் வழியாக மாணவர் நிலைக்கு மாற விண்ணப்பிக்கலாம். ஆனால் அனுமதி வரும்வரை வகுப்பில் சேரக்கூடாது. அதோடு, உள்ளே வந்த சில வாரங்களிலேயே விண்ணப்பித்தால், வரும்போதே படிக்கும் நோக்கம் இருந்தது, அதைத் தூதரகத்தில் மறைத்தார் என்ற சந்தேகம் எழும். நுழைந்த 90 நாட்களுக்குள் சொன்ன நோக்கத்துக்கு மாறாக நடந்தால் பொய்யுரைத்ததாகக் கருத இடமுண்டு என்று வெளியுறவுத் துறையின் வழிகாட்டு நூல் 2017 முதல் சொல்கிறது. அது தூதரக அதிகாரிகளுக்கான விதிதான் என்றாலும், பிற்பாடு தூதரகத்தில் விசா ஸ்டாம்ப் வாங்கப் போகும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த அதிகாரிதான். விசா இல்லாமல் எஸ்டா பதிவில் வந்தவர்களும், இடைவழிப் பயணிகளும், கப்பல் விமானப் பணியாளர்களும் அமெரிக்காவில் நிலை மாற்ற முடியாது. ஜே-1 பரிமாற்ற விசாவில் வந்து, இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டவர்கள் அதற்கு விலக்குப் பெறாமல் எச்-1பி என்ற வேலை விசா நிலைக்கு மாற முடியாது. ஆஸ்திரேலிய விசாவில் 8503 என்ற எண் இருந்தால், மேற்கொண்டு தங்க விண்ணப்பிக்கக் கூடாது என்று பொருள். ஆகவே எந்தத் திட்டமும் போடுமுன் கையில் உள்ள அனுமதியின் நிபந்தனை வரிகளை எழுத்தெண்ணிப் படித்துவிடுங்கள்.

கேட்டவர் மாணவர் என்பதால் அந்தப் பாதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிரிட்டனில் 2023 ஜூலை 17 முதல், படிப்பு முடிவதற்கு முன் மாணவர் விசாவிலிருந்து திறன்மிகு பணியாளர் விசாவுக்கு மாற முடியாது. வேலை தொடங்கும் நாள் படிப்பு முடியும் நாளுக்குப் பின் இருந்தால் முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், முனைவர் பட்ட மாணவர்களுக்கு மட்டும் 24 மாதங்கள் படித்த பின் வழி உண்டு. உள்ளிருந்து மாறுவதில் அங்கே ஒரு பண லாபமும் இருக்கிறது. 2025 ஜூலை 22 முதல் அந்த விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. மாணவர் நிலையிலிருந்து மாறுகிறவர் புதிதாக வேலைக்கு வருபவர் என்ற பிரிவில் 33,400 பவுண்டில் நுழையலாம். ஆனால் அந்தச் சலுகை மொத்தம் நான்கு ஆண்டுகளுக்குத்தான். நடுவில் கிராஜுவேட் விசாவில் (படிப்பு முடித்தவர் ஸ்பான்சர் இல்லாமலே தங்கி வேலை பார்க்கத் தரப்படுவது) கழித்த காலமும் அந்த நான்கில் கழிந்துவிடும். ஸ்பான்சர் செய்ய ஆயத்தமாக ஒரு நிறுவனம் கையில் இருக்கும்போதும், இரண்டு ஆண்டு நிம்மதியாக இருக்கலாமே என்று கிராஜுவேட் விசாவை எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. நிரந்தர வசிப்புரிமைக்கான ஐந்தாண்டுப் பணியாளர் கணக்கில் கிராஜுவேட் விசாக் காலம் சேராது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்பான்சர் இருப்பவருக்கு நேரடியாக மாறுவதே நல்லது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் கதை வேறு. படிப்புக்குப் பின் 12 மாத ஓபிடி, அறிவியல் தொழில்நுட்பப் பாடங்களுக்கு மேலும் 24 மாதம் என்று வேலை அனுமதி கிடைக்கும்; அதற்குள் எச்-1பி குலுக்கலில் பெயர் வந்தாக வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000 இடங்களும் உண்டு. இதற்கான மனுவை, அதாவது பெட்டிஷனை, தாக்கல் செய்வது நிறுவனம். அதில் ஸ்டேட்டஸ் மாற்றம் (உள்ளிருந்தபடியே நிலை மாறுவது) என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்களா, தூதரக அறிவிப்பு (வெளியே போய்த் தூதரகத்தில் ஸ்டாம்ப் வாங்கி வருவது) என்ற கட்டத்தையா என்பதை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் அந்த ஒரு தேர்வில் பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஓபிடி ஜூன் மாதம் முடிகிறது, எச்-1பி அக்டோபர் 1 அன்றுதான் தொடங்கும் என்றால், நடுவில் உள்ள மாதங்களை ஈடுகட்ட கேப்-கேப் என்ற ஏற்பாடு உண்டு. ஸ்டேட்டஸ் மாற்றம் கேட்டுக் காலத்தே தாக்கல் செய்த மாணவருக்குத்தான் அது பொருந்தும். முன்பு செப்டம்பர் 30 வரை இருந்த அந்த நீட்டிப்பு 2025 ஜனவரி 17 முதல் அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 வரை நீட்டப்பட்டது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி பெட்டிஷன்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் அரண்டுபோனார்கள். உள்ளிருந்து ஸ்டேட்டஸ் மாற்றம் கேட்டு அது ஏற்கப்பட்டவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று குடியேற்றத் துறை அக்டோபரில் விளக்கியது. மாற்றத்துக்குத் தகுதியில்லை என்று முடிவானாலோ, முடிவுக்கு முன்பே நாட்டைவிட்டுப் போனாலோ அந்த விலக்கு கைநழுவிவிடும்.

இனிக் காத்திருப்புக் காலம். கால எல்லைக்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் முன்பே பழைய அனுமதி காலாவதியானாலும் தங்கியிருக்க வழிசெய்யும் ஏற்பாடு ஏறக்குறைய எல்லா நாட்டிலும் உண்டு, பெயர்தான் வேறு. பிரிட்டனில் 1971 குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு, பழைய அனுமதியை அதே நிபந்தனைகளோடு நீட்டித்து வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிரிட்ஜிங் விசா ஏ தரப்படுகிறது. அது உடனே தொடங்குவதில்லை, பழைய விசா முடியும் நாளில்தான் உயிர்பெறும், வேலை செய்யலாமா என்பது அதன் நிபந்தனையில் எழுதப்பட்டிருக்கும். ஜெர்மனியில் அயல்நாட்டவர் அலுவலகம் பிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற மடிப்புத் தாளைத் தரும்; பழைய அனுமதி தொடர்வதாகக் கருதப்படுகிறதா, வெறும் தங்கல் மட்டும் பொறுத்துக்கொள்ளப்படுகிறதா என்பதை அந்தத் தாளிலேயே கட்டத்தில் குறியிட்டிருப்பார்கள். பலர் தாள் கிடைத்த மகிழ்ச்சியில் எந்தக் கட்டத்தில் குறி விழுந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. முதல் வகையென்றால் வேலை உரிமையும் பயண உரிமையும் தொடரும். இரண்டாவதென்றால் வெளியே போனால் அந்தத் தாளைக் காட்டித் திரும்ப முடியாது. ஜப்பானில் அனுமதி முடிந்தபின் அதிகபட்சம் இரண்டு மாதம், அல்லது முடிவு வரும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவரை தங்கலாம்.

தங்கலாம் என்பதையும் வேலை செய்யலாம் என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கேதான். கனடாவில் வேலை அனுமதியை நீட்டிக்க விண்ணப்பித்தவர் அதே நிபந்தனையில் வேலையைத் தொடரலாம். ஆனால் வேலை அனுமதியில் இருப்பவர் மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தால், தங்கலாமே தவிர, பழைய அனுமதி முடிந்த நாளோடு வேலையை நிறுத்திவிட வேண்டும். எந்த வகைக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதைப் பொறுத்துக் காத்திருப்புக் கால உரிமையே மாறுகிறது. நிறுவனம் மாறுவதிலும் இப்படித்தான். அமெரிக்காவில் எச்-1பியில் இருப்பவர், புதிய நிறுவனம் பெட்டிஷனைத் தாக்கல் செய்த அன்றே அங்கே வேலையில் சேரலாம், ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் திறன்மிகு பணியாளர் விசாவில் இருப்பவர் புதிய விண்ணப்பம் ஏற்கப்படும்வரை புதிய வேலையைத் தொடவே கூடாது. அமெரிக்காவில் இருந்த நண்பர் சொன்னதைக் கேட்டு பிரிட்டனில் நடந்துகொண்டால் வம்புதான். அனுமதியில்லாமல் ஒரு வாரம் வேலை செய்தாலும் அது சம்பளச் சீட்டிலும் வரிக் கணக்கிலும் பதிவாகிவிடும். பின்னால் நிரந்தர வசிப்புரிமைக்குப் போகும்போது அந்தச் சீட்டை அதிகாரி கேட்பார்.

பயணம் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியேறாதீர்கள். அமெரிக்காவில் ஸ்டேட்டஸ் மாற்றக் கோரிக்கை நிலுவையில் இருக்கையில் வெளியேறினால் அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். நிறுவனத்தின் பெட்டிஷன் பிழைக்கும், ஆனால் நீங்கள் தூதரகத்தில் ஸ்டாம்ப் வாங்கித்தான் அந்த நிலையில் உள்ளே வர முடியும். பிரிட்டனில் உள்ளிருந்து விண்ணப்பித்தவர் முடிவுக்கு முன் பொதுப் பயணப் பகுதியை (பிரிட்டன், அயர்லாந்து, அருகிலுள்ள சில தீவுகள்) விட்டு வெளியேறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். ஆஸ்திரேலியாவில் பிரிட்ஜிங் விசா ஏ வைத்துக்கொண்டு வெளியே போனால் அதைக் கொண்டு திரும்பி வர முடியாது. போகுமுன் பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும். குடும்பத்தில் சாவு, கடும் நோய் என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். போகத்தான் வேண்டியிருக்கும், அப்போது விண்ணப்பம் போய்விட்டது, வெளியிலிருந்து புதிதாகத் தொடங்கப் போகிறோம் என்று தெரிந்தே போக வேண்டும், நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் டிக்கெட் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒப்புதல் வந்த பிறகும் பயண ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. ஒரு நிகழ்வைச் சொல்கிறேன், இந்த வகைக் கோப்புகளைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கண்டிருப்பார்கள். கணவரின் எச்-1பியைச் சார்ந்து எச்-4 நிலையில் இருந்த பெண் ஒருவர். அவருக்கே எச்-1பி கிடைத்து, அக்டோபர் 1 முதல் உள்ளிருந்தபடியே நிலை மாறிவிட்டது. ஒப்புதல் தாளின் கீழ்ப்பகுதியில் கத்தரித்து எடுக்கும்படி புதிய ஐ-94 இருந்தது, வேலையில் சேர்ந்தார், சம்பளமும் வந்தது. டிசம்பரில் விடுமுறைக்கு வெளிநாடு போனார். பாஸ்போர்ட்டில் இருந்ததோ இன்னும் காலாவதியாகாத எச்-4 ஸ்டாம்ப் மட்டும். திரும்பும்போது விமான நிலைய அதிகாரி அந்த ஸ்டாம்பைப் பார்த்து எச்-4 என்றே பதிவு செய்து உள்ளே விட்டார். திங்கட்கிழமை காலை அவர் அலுவலகம் போய் உட்கார்ந்தபோது அந்த வேலைக்கு அவருக்கு அனுமதி இல்லை. கடைசியாக எந்த நிலையில் நுழைந்தாரோ அதுதான் நடப்பு நிலை. அக்டோபரில் வந்த ஒப்புதல் அந்த நுழைவோடு பின்னுக்குப் போய்விட்டது. நிறுவனம் மீண்டும் நிலை மாற்றம் கேட்டுத் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது அவர் வெளியேறி எச்-1பி ஸ்டாம்போடு திரும்ப வேண்டும்; அதுவரை சம்பளமில்லாத விடுப்பு. வெளியே போன அந்தப் பயணத்திலேயே தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் வாங்கி எச்-1பி ஸ்டாம்ப் பெற்றிருந்தால் இத்தனையும் நேர்ந்திருக்காது. 2025 செப்டம்பர் முதல், விசா கேட்பவர்கள் தங்கள் குடியுரிமை நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லிவிட்டதால், பக்கத்து நாட்டுக்கு இரண்டு நாள் போய் ஸ்டாம்ப் வாங்கி வரும் பழைய வழியும் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. கனடாவும் தன் பங்குக்கு, எல்லைவரை போய்த் திரும்பி அங்கேயே வேலை அனுமதி, மாணவர் அனுமதி வாங்கும் வழக்கத்தை 2024 டிசம்பர் 23 அன்று முடித்துவைத்தது.

வேலை போனபின் நிலை மாற்றத் தேடுபவர்கள் இப்போது அதிகம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் எச்-1பிக்காரருக்கு வேலை முடிந்த நாளிலிருந்து 60 நாள், அல்லது ஐ-94 முடியும் நாள், எது முந்தியதோ அதுவரை கிரேஸ் பீரியட் என்ற சலுகைக் காலம். அதற்குள் புதிய நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது வேறு நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பி-2 பார்வையாளர் நிலைக்கு விண்ணப்பித்துவிட்டு வேலை தேடுவது பலர் எடுக்கும் வழி. அது தங்கியிருப்பதற்குச் சட்டப்பூர்வமான காரணம் தரும், வேலை உரிமை தராது. ஆனால் 60 நாள் கடந்தபின் புதிய நிறுவனம் எச்-1பி தாக்கல் செய்தால், அந்த மாற்றம் பி-2 விண்ணப்பம் ஏற்கப்படுவதைப் பொறுத்து நிற்கும்; பி-2 நிராகரிக்கப்பட்டால் நடுவில் பாலம் இடிந்தாற்போல எச்-1பியின் உள்நாட்டு மாற்றமும் விழுந்துவிடும். அப்போதும் பெட்டிஷன் ஏற்கப்படலாம், வெளியே போய் ஸ்டாம்ப் வாங்கி வரவேண்டியிருக்கும். பிரிட்டனில் ஸ்பான்சர் நிறுவனம் தகவல் கொடுத்தபின் உள்துறை அனுமதியைப் பெரும்பாலும் 60 நாளாகச் சுருக்கும். அந்த 60 நாள் கடைசி வேலை நாளிலிருந்து அல்ல, உள்துறை அனுப்பும் கடிதத்தில் உள்ளபடி எண்ணப்படும். ஆகவே மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மனைவியின் விசா பற்றிய கேள்விக்கு வருகிறேன். சார்ந்திருப்பவரின் நிலை முதன்மை விண்ணப்பதாரரின் நிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது மாறும்போது இதுவும் மாற வேண்டும், ஆனால் தானாக மாறாது. அமெரிக்காவில் கணவர் எஃப்-1 என்ற மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறும் நாளில், அதைச் சார்ந்த மனைவியின் எஃப்-2 நிலைக்கு அடிப்படையே போய்விடுகிறது. நிறுவனம் தாக்கல் செய்யும் பெட்டிஷனில் அவர் அடங்கமாட்டார், அவருக்குத் தனியாக ஐ-539 போட வேண்டும். இரண்டையும் ஒரே உறையில் அனுப்பச் சொல்லி நிறுவனத்தின் வழக்கறிஞரை வற்புறுத்துங்கள். பிள்ளைகள் விஷயத்தில் வயது வரம்பைக் கவனிக்க வேண்டும்: 21 வயது நிறையும் நாளில் எச்-4 நிலை முடிந்துவிடும், அதற்கு முன்பே மாணவர் நிலைக்கு மாற்றிவிட வேண்டும். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், பாடவழி முதுகலைப் படிப்புக்கு வருபவர்கள் குடும்பத்தைச் சார்ந்தோராக அழைத்து வர முடியாது. படிப்பு முடிந்து வேலை விசாவுக்கு மாறும்போதுதான் அந்தப் பேச்சே எழும், அப்போதும் வேலையின் தரநிலையைப் பொறுத்துத்தான் கதவு திறக்கும்.

நிராகரிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் உள்ளிருந்து கேட்ட விசா மறுக்கப்பட்டு, கையில் பிரிட்ஜிங் விசா தவிர வேறு முழு விசாவும் இல்லையென்றால், 48ஆம் பிரிவின்படி உள்ளிருந்து மறுபடி விண்ணப்பிக்க மிகச் சில விசாக்களுக்கு மட்டுமே வழியிருக்கும். கனடாவில் நிலை போன 90 நாட்களுக்குள் அதை மீட்டுத்தரக் கேட்கலாம். அந்தக் காலத்தில் வேலை செய்யக் கூடாது. பிரிட்டனில் காலம் தாழ்ந்த விண்ணப்பத்துக்கு நல்ல காரணம் இருந்தால் 14 நாள் சலுகை. அமெரிக்காவில் சட்டவிரோதத் தங்கல் 180 நாளைத் தாண்டியபின் வெளியேறினால் மூன்று ஆண்டு, ஓராண்டைத் தொட்டுவிட்டால் பத்து ஆண்டு திரும்பி வரத் தடை. இந்த விளைவுகளைப் பார்க்கும்போது, தகுதி சற்றுச் சந்தேகமாக இருக்கிற கோப்புக்கு, அனுமதி உயிரோடு இருக்கும்போதே வெளியேறி, வெளியிலிருந்து நிதானமாக விண்ணப்பிப்பது பல சமயம் நல்ல வழி. வெளியே போவதைத் தோல்வியாக நினைத்துக்கொண்டு, நிராகரிப்பு என்ற கறையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

நிலை மாற்ற விண்ணப்பம் என்பது பழைய கணக்கையும் புரட்டிப் பார்க்கும் நேரம். மாணவராக இருந்தபோது பகுதி நேர வேலையின் மணி வரம்பைக் காத்தீர்களா என்பது முக்கியம்: பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடக் காலத்தில் வாரம் 20 மணி, கனடாவில் 24 மணி, ஜப்பானில் 28 மணி, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி. ஜப்பானில் வரிச் சான்றிதழில் உள்ள வருமானத்தை மணிக் கூலியால் வகுத்துப் பார்த்தே வரம்பு மீறலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மீறல் இருந்தால் மறைக்காமல், தகுதியுள்ள ஒருவரிடம் முதலில் பேச வேண்டும். தகுதியுள்ளவர் என்று நான் சொல்வது உரிமம் உள்ளவரை: பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவர் அல்லது சொலிசிட்டர், ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட் அல்லது வழக்கறிஞர், அமெரிக்காவில் வழக்கறிஞர். பதிவு எண்ணை அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகம் மாணவர் விசா விஷயத்தில் நன்றாக உதவும். வேலை விசாவுக்கு அவர்களை நம்பியிருக்க முடியாது. நிறுவனத்தின் வழக்கறிஞர் முதன்மையாக நிறுவனத்துக்காகவே வேலை செய்கிறார், உங்கள் பயணத் திட்டத்தையும் மனைவியின் நிலையையும் அவராகக் கேட்கமாட்டார்.

காலக் கணக்கில் என் பரிந்துரை: அனுமதி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள், பாஸ்போர்ட் ஓராண்டுக்குள் முடிவதாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். அமெரிக்காவில் கூடுதல் கட்டணம் கட்டினால் எச்-1பி பெட்டிஷனுக்கு 15 வேலை நாட்களில் பதில் வரும். பயணத் திட்டமோ வேலை தொடங்கும் நாளோ நெருக்கினால் அந்தப் பணம் வீணல்ல. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான ரசீது, பழைய அனுமதிகளின் நகல், சம்பளச் சீட்டுகள், கல்லூரிச் சேர்க்கைச் சான்றுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் பல ஆண்டுக்கு வைத்திருங்கள். முடிவு வந்த அன்றே பெயரின் எழுத்து, பிறந்த தேதி, அனுமதி தொடங்கும் நாள், முடியும் நாள், நிபந்தனை வரி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் உடனே எழுதித் திருத்தம் கேளுங்கள், அடுத்த நீட்டிப்புவரை விட்டுவைத்தால் அப்போது அந்தப் பிழைக்கு நீங்கள்தான் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குப் புதிய தாளைக் கொடுத்து அவர்கள் பதிவில் தேதியை மாற்றச் சொல்லுங்கள், ஓட்டுநர் உரிமம் விசாத் தேதியோடு கட்டப்பட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

நாட்டின் பெயரையும், இப்போதைய அனுமதியின் வகையையும் அது முடியும் தேதியையும், படிப்பு முடியும் தேதியையும் சொன்னால், இதில் எந்தப் பகுதி உங்களுக்குப் பொருந்தும் என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.